எங்க விழுந்துச்சு?

ஜூலை 8, திங்கள்

இன்று எலும்பு டாக்டர் ஞானதுரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மகள் சஷ்டிகாவையும் பார்க்கவில்லை. அவள் வலது கையை மட்டும் பார்த்தார், அதுவும் அரை நிமிடம்.

காலையில் சஷ்டியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், ஆதார் மெஷினைப் போட்டுப் பத்துப் பேருக்குப் புகைப்படம்கூட எடுத்திருக்கமாட்டேன், டீச்சர் போன் பண்ணிவிட்டார். பிள்ளை வலது கையை அசைக்கவே இல்லை, தொட்டால் அழுகிறாள், உடனே வாங்க என்றார். இவருக்கு, சஷ்டியின் அப்பாவுக்கு, போன் போட்டேன். கடலை மிட்டாய் கம்பெனி லோடு வேனை அப்படியே ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்துவிட்டார். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி பதினொன்றரை.

டோக்கன் முப்பத்தெட்டு. ஒன்றே முக்காலுக்குத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடுவது என்றால் ஒருவரை இல்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று மூன்று டோக்கனைச் சேர்த்து உள்ளே அடைப்பது அங்கே வழக்கம். ஒருவர் நாற்காலியில், அடுத்தவர் ஸ்டூலில், மூன்றாமவர் கதவோரம். டாக்டருக்கு நேரம் மிச்சமாகிறதாம். முன்னால் இருந்த அம்மாவின் மூட்டுவலி, மலச்சிக்கல், மருமகள் வரைக்கும் எனக்கு இப்போது அத்துப்படி.

எங்கள் முறை வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எங்க விழுந்துச்சு?"

விழுந்தாளா என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். நான் ஒரு விநாடி யோசித்தேன். அதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"பஸ் ஸ்டாப்பு படியில சார்" என்றேன்.

படி இருக்கிறது. எங்கள் நிறுத்தத்தில் ரோட்டிலிருந்து ஏற மூன்று படி இருக்கிறது. அதில் ஒன்றும் பொய் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் விரிசல் படத்தில் தெரியாது என்று சொல்லி, முழங்கையை மடக்கி அரைக்கட்டு போட்டு, கழுத்தில் தூளி மாதிரி மாட்டி அனுப்பிவிட்டார். சார், காலையில அவ, என்று நான் ஆரம்பித்தபோது அவர் முப்பத்தொன்பதின் காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

இப்படியும் ஒரு டாக்டர். வாயைத் திறக்கவிட்டால்தானே மனுஷி எதையும் சொல்ல முடியும்.

வரும் வழியில் இவர் கேட்டார், எந்தப் படியில் விழுந்தாள் என்று. இரண்டாவது படி என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

வேலைக்கு லீவு. ஓனரிடம் சொன்னதற்கு, "கூட்டம் இருக்கே மாரீஸ்வரி" என்று இழுத்தார். மகளுக்குக் கை என்று சொன்னபிறகும் கூட்டம் இருக்கே என்பவருக்கு என்ன பதில் சொல்வது. போனை வைத்துவிட்டேன்.

எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீர் சரியாக இன்றைக்குத்தான் வரவேண்டுமா. எல்லாக் குடத்தையும் நிரப்பி, டிரம்மை நிரப்பி, மாவாட்டி, துணி துவைத்து நிமிர்ந்தால் பகல் போய்விட்டது. நடுநடுவே சஷ்டியைப் பார்த்துக்கொண்டேன். அவள் டிவி முன்னால் உட்கார்ந்தபடி இருந்தாள். மூன்றரை வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை அசைக்கிறாள். ஆனால் அந்தக் கையில் எதையும் வாங்கமாட்டேன் என்கிறாள்.

மத்தியானம் இடது கையால் சோறு எடுத்தாள். அந்தக் கையில் எடுக்காதடி என்று வாய் வரை வந்துவிட்டது. நானே ஊட்டப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சாயங்காலம் அப்பா வந்து ஊட்டினார், ஒரு தட்டுச் சோறும் உள்ளே போனது. அவர் பக்கத்தில் இருந்தால் சிரிக்கிறாள். நான் பக்கத்தில் போனால் கட்டுப் போட்ட கையை இடது கையால் மூடிக்கொள்கிறாள். வலி போலிருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா வந்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். வெடித்ததைப் பார்த்து, "பாத்தியா, எவ்வளவு கண்ணு" என்றார். யார் கண் என்று கேட்கவில்லை.

இவர் சாப்பிட்டு முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு வந்தார். இரண்டாவது படியில் ஓரம் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதாம். அத்தனை பேர் ஏறி இறங்குகிற இடம், ஒருத்தனுக்கும் அக்கறை இல்லை என்று திட்டித் தீர்த்தார்.

உடைந்திருப்பது உண்மைதான். நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

இவர் அரை மூட்டை சிமெண்டு வாங்கி வந்துவிட்டார். வேலை முடிந்து சாயங்காலம் நேரே படிக்குப் போய், கம்பியை அறுத்து, சல்லி போட்டுப் பூசினார். லோடு வேன் ஓட்டுகிற மனுஷனுக்குக் கொத்தனார் வேலை எங்கே தெரியும். சட்டை, முகம் எல்லாம் சிமெண்டு. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பாராட்டினார்களாம். ஒரு பெரியவர், கவுன்சிலர் செய்யவேண்டியதை நீ செய்யற தம்பி என்றாராம். சொல்லும்போது இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு சிரிப்பு அடங்கி, இதைப் போன மாசமே செய்திருந்தால் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்காதே ஈஸ்வரி என்றார். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேன் ஓட்டுகிறேன், எனக்குக் கண் எங்கே போச்சு என்றார்.

நான் காபி போட எழுந்து போய்விட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று இந்த டைரியில்கூட எழுத மனம் வரவில்லை. இதை அவர் படிக்கமாட்டார். படிக்கிற ஆளாக இருந்தால் கரண்டு பில்லையாவது படித்திருப்பார். ஆனாலும் எழுத வரவில்லை.

நாளையும் ஒருமுறை பூச வேண்டுமாம்.

ஜூலை 11, வியாழன்

சாயங்காலம் ஆஸ்பத்திரி. டோக்கன் இருபத்திரண்டு. இருபத்தொன்று ஒரு லாரி டிரைவர், இருபத்துமூன்று கல்லூரிப் பெண்ணும் அவள் அம்மாவும். எல்லோரும் ஒரே அறையில். சிஸ்டர் கட்டைப் பிரித்தார்கள். கை வெளிறிப்போய், மடங்கியபடியே வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு பேனாவை நீட்டி, வாங்கு பாப்பா என்றார். சஷ்டி இடது கையை நீட்டினாள். "அந்தக் கை இல்ல, இந்தக் கை" என்று அவர் வலது கையைத் தொட்டதும் அலறினாள்.

"ஏம்மா, பிள்ளைக்கு இப்படியா செல்லம் குடுத்து வச்சுருக்கீங்க? தொட விட்டாத்தான என்னன்னு பாக்க முடியும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத பிள்ளை, அவளைப் போய்ச் செல்லம் என்கிறார். திருப்பிக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் சஷ்டி அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்.

"அம்மா இழுத்துட்டா."

அப்போது டாக்டரின் செல்போன் அடித்தது. எடுத்து, பத்து நிமிஷம் வந்துடுறேன் தியேட்டர ரெடி பண்ணுங்க என்று யாரிடமோ கத்தினார். இவர் அந்த நேரம் வெளியே மருந்துக்கடையில் நின்றிருந்தார். லாரி டிரைவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லூரிப் பெண் மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் குனிந்து சஷ்டியின் சட்டையை இழுத்துவிட்டேன்.

பிள்ளை சொன்னதை டாக்டர் காதில் வாங்கவில்லை. அவர் யார் சொல்வதைத்தான் காதில் வாங்கினார். இந்த நான்கு நாளில் முதல் தடவையாக அவருடைய அவசரம் எனக்கு நல்லதாகப் பட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் வெட்கமாக இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

மறுபடி கட்டுப் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஒருமுறை பார்ப்பாராம். அதற்குள் கையைத் தூக்கவில்லை என்றால் மதுரைக்கு எழுதிக்கொடுத்துவிடுவாராம். அங்கே பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுப்பார்களாம். அதில் என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்துத் திறந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

"தொறந்துன்னா?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன்மா. விழுந்த பிள்ளைக்கு எலும்புல ஒண்ணும் தெரியல, ஆனா கை வரல. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று மணியை அடித்துவிட்டார்.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சிநேகிதன் ஒருவனிடம் கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வைக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தபிறகு சொன்னார். பிறகு அரைக்கை சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாம் பூச்சு பூசப் போய்விட்டார்.

ஜூலை 12, வெள்ளி

வேலைக்குப் போனேன். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் ஓனர். எதிர்வீட்டு அக்கா சஷ்டியைப் பார்த்துக்கொண்டார். பூசிய படி இன்னும் காயவில்லை, இவர் குறுக்கே கல் வைத்திருந்தார். அதைத் தாண்டி ஏறி மினி பஸ் பிடித்தேன்.

கூட்டம் நெரிந்தது. நான்கு நாளாக வேலை தேங்கிக் கிடந்ததால் எல்லோருக்கும் அவசரம், எனக்கும் அவசரம். நேரா பாருங்க, கண்ணை மூடாதீங்க, அட்ரஸ் ப்ரூஃப் ஒரிஜினல் எங்க, ஜெராக்ஸ் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது. இதெல்லாம் நான் நாள் முழுக்கச் சொல்கிற மந்திரம். ஒருவர் தன் கதையை ஆரம்பித்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் இது யார் வசனம் என்று உறைத்தது. ஆனால் இதை நான் டாக்டரிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வருஷக்கணக்காக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிய கை. எங்கள் ஊரில் அந்தக் கைகளுக்கு ரேகை இருக்காது, தேய்ந்துபோயிருக்கும். மெஷின் எடுக்கவே எடுக்காது. முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாவது எடுக்கவில்லை, ஐந்தாவதும் இல்லை. பின்னால் இருபது பேர். நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விரலைக் கண்ணாடிமேல் வைத்து அமுக்கினேன்.

"மெல்லப் பிடிம்மா" என்றார் அந்த அம்மா. "கையி கழண்டு வந்துரும்போல இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் என் கையைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைச் சுற்றி என் ஐந்து விரலும் இறுகியிருந்தன. கையை எடுத்தேன். எடுத்த இடத்தில் வெள்ளையாகத் தடம் தெரிந்தது.

அதற்குமேல் வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வந்துவிட்டேன். இப்போது சஷ்டி தூங்குகிறாள், இவர் இன்னும் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

திங்கள்கிழமை காலை எட்டு நாற்பது மினி பஸ். அதை விட்டால் ஒன்பதரைக்குத்தான். போன வாரமே இரண்டு நாள் தாமதமாகிப் பேச்சு வாங்கியிருந்தேன். பஸ் வந்து நின்றுவிட்டது. சஷ்டி மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது இல்லை, மூன்றாவது. தூக்கவேண்டாம், நானே பஸ்ஸில் ஏறுவேன் என்று அடம். கண்டக்டர் வேறு விசில் ஊதினார். என் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, குடை. இன்னொரு கையால் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். உடம்பைத் தளர்த்திக்கொண்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எதன்மேல் என்று தெரியவில்லை. ஓனர்மேலா, பஸ்மேலா, அவள்மேலா. இரண்டாவது தடவை இழுத்ததில் அவள் கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. முழு உடம்பும் அந்த ஒரு கையில் தொங்கியது. அப்படியே பஸ்ஸுக்குள் போட்டேன்.

என் உள்ளங்கையில் டக்கென்று ஒன்று தெரிந்தது. தெரிந்தது. திங்கள்கிழமையே எனக்குத் தெரியும்.

பஸ் முழுக்க அழுதாள். "நடிக்காதடி" என்றேன். பால்வாடி டீச்சரிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது, காலையிலேயே அடம், கண்டுக்காதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் அந்தக் கையோடு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் விழவே இல்லை. விழுந்த பிள்ளைக்கு என்ன உடைந்தது என்று தேடுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் அறுத்தும் தேடப்போகிறார்கள். டாக்டர் கேட்கவில்லை என்று இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

ஜூலை 13, சனி

டோக்கன் பன்னிரண்டு. இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். இவர் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். சிஸ்டரிடம் கடைசியாக எங்களைத் தனியாகக் கூப்பிடுங்கள், டாக்டரிடம் ஒரு விஷயம் பேசவேண்டும் என்றேன். "அதெல்லாம் சார் ஒத்துக்கமாட்டார்" என்று பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மூன்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பதினொன்று, கழுத்தில் பட்டை போட்ட ஒருவர். பதின்மூன்று, புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர், கதவோரம் நின்றார்கள். இவர் சஷ்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நின்றார். டாக்டர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். பேனாவை நீட்டினார். சஷ்டி இடது கையை நீட்டினாள். அவ்வளவுதான், லெட்டர் பேடை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு.

"பேஷண்ட் சஷ்டிகா. வயசு மூணரை. எட்டாம் தேதி படியில விழுந்து..."

"விழல சார்" என்றேன்.

பேனா நிற்கவில்லை. "என்னம்மா?"

"அவ விழவே இல்ல. நான்தான் இழுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கோவத்துல கையப் பிடிச்சு இழுத்துட்டேன்."

இப்போது பேனா நின்றது. கழுத்துப் பட்டைக்காரருக்குத் தலையைத் திருப்ப முடியாததால் ஸ்டூலோடு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். பின்னால் இவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மிச்சத்தைச் சொல்லியிருக்கமாட்டேன்.

டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். போலீசைக் கூப்பிடுவாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் தன் வலது கையை நீட்டினார்.

"எப்படி இழுத்தீங்க? காட்டுங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"இவ்வளவுதானா?"

"இல்ல சார். இன்னும் வேகமா."

"அதே மாதிரி இழுங்க."

இழுத்தேன். சக்கரம் வைத்த அவர் நாற்காலி அவரோடு உருண்டு வந்து மேஜையில் இடித்தது. பதின்மூன்றாம் டோக்கன் பெண் ஐயோ என்றாள்.

டாக்டர் கையைத் தடவிக்கொண்டார். "இத மொத நாளே சொல்றதுக்கு என்னம்மா? கால் நிமிஷ வேலை. அஞ்சு நாளாப் பிள்ளையக் கட்டிப்போட்டு வச்சுருக்கேன்."

"நீங்க எங்க விழுந்துச்சுன்னு கேட்டீங்க சார். நான் எடத்தச் சொன்னேன்."

சண்டைக்குச் சொல்லவில்லை. பொய் எங்கே ஆரம்பித்ததோ அங்கேயிருந்து சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது, சொன்னேன். அவர் ஏதோ பதில் பேச வாயைத் திறந்தார். பிறகு லெட்டர் பேடில் பாதியில் நின்ற வரியைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு அவர் இதுவரை இல்லாத பொறுமையோடு சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கை எலும்பைப் பிடித்திருக்கிற வளையம் தளர்வாக இருக்குமாம். கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் எலும்பு அதிலிருந்து லேசாக நழுவிவிடுமாம். படத்தில் தெரியாதாம். பஸ்ஸில் ஏற்றுகிற அம்மா, தட்டாமாலை சுற்றுகிற மாமா என்று மாதத்துக்கு நாலு பிள்ளைகளாவது இப்படி வருமாம். எல்லோரும் விழுந்துவிட்டது என்றுதான் சொல்வார்களாம். சொல்லிக்கொண்டே இவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, சஷ்டியை மடியில் வைக்கச் சொன்னார். ஒரு கையால் அவள் முழங்கையைத் தாங்கினார். இன்னொரு கையால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, அப்படியே தோள் வரை மடக்கினார். அவ்வளவுதான். சஷ்டி போட்ட கூச்சலில் சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏறிடுச்சுன்னு நெனைக்கேன்" என்றார் டாக்டர். "ஆனா நாள் ஆயிடுச்சு. உடனே தூக்காது, சில பிள்ளைக்கு ஏறாமலும் போகும். அரை மணி நேரம் வெளிய உக்காருங்க. கையத் தூக்கலேன்னா மதுரைதான்."

எழுதியதைக் கிழிக்கவில்லை. மடித்துப் பேடுக்கு அடியில் வைத்துக்கொண்டு மணியை அடித்தார்.

வெளியே வரிசையாக இரும்பு நாற்காலி. இவர் சஷ்டியோடு ஒன்றில் உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டார். நான் எதிர்ச்சுவரோடு நின்றேன். மன்னிச்சுக்கோங்க என்றேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"ரெண்டு நாளு சிமெண்டு பூசுனேனே ஈஸ்வரி. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம்.

பத்து நிமிடம். சஷ்டி விசும்பிக்கொண்டிருந்தாள், வலது கை மடியில் அப்படியே கிடந்தது. பதினைந்து நிமிடம். சிஸ்டர் கடந்து போகும்போது, தூக்குதா என்றார்கள். இல்லை என்று இவர் தலையாட்டினார். எதிர்க் கடையில் பிஸ்கட் வாங்கி வந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டில் மூடியை உருட்டினேன். பார்க்கவே இல்லை. சுவரிலிருந்த கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும்போது என்னை உள்ளே விடுவார்களா, அவள் யாரைத் தேடி அழுவாள், என்னையா இவரையா என்றெல்லாம் மனது ஓடியது. என்னையாக இருக்காது.

நிற்க முடியவில்லை. அவள் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையைத் தொடக்கூடாது என்று என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். எதிரே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

"அம்மாதான் இழுத்தேன். நீ நடிக்கல. அம்மாதான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் பளார் என்று என் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

மூன்றரை வயதுக் கைக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. காது ஙொய் என்றது. கன்னத்தில் கை வைத்தேன். எரிந்தது இடது கன்னம். என் இடது கன்னம் என்றால் அவளுடைய எந்தக் கை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ஏ ஈஸ்வரி" என்றார், அவள் வலது கையைப் பார்த்தபடி.

"இன்னொண்ணு போடுடி" என்று கன்னத்தைக் காட்டினேன்.

போட்டாள். அதே கையால், தோள் வரை தூக்கி, முன்னதைவிட ஓங்கிப் போட்டாள். சிஸ்டர் ஓடிப்போய் டாக்டர் கதவைத் திறந்து சொன்னார்கள். உள்ளேயிருந்து மணிச் சத்தம்தான் வந்தது, அடுத்த டோக்கனைக் கூப்பிட. நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், வரிசையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சஷ்டிக்கு இன்னும் கோபம் தீரவில்லை, மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கிவைத்திருந்தாள்.

இவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த எக்ஸ்ரே கவரை எடுத்துத் தன் காலடியில் வைத்தார். நான் எழுந்து அங்கே உட்கார்ந்தேன்.